டேய்: ஒரு மாத்திரை ஆராய்ச்சி

தமிழில் ட எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியமும் அதையே சொல்கிறது, நன்னூலும் அதையே சொல்கிறது. ஆனால் எந்தத் தெருமுனை டீக்கடையில் போய் நின்றாலும் காதில் விழும் முதல் சொல் 'டேய்'. (டீயும் அதே குற்றவாளிதான்; அதை வேறொரு கட்டுரையில் கவனித்துக்கொள்ளலாம்.) தாமரையை 'மரை' ஆக்கிய புலவர்களை விட்டுவிட்டோமே, 'அடேய்' தலையிழந்து நிற்பதையும் முதற்குறை என்றே கொள்வோம்.

ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு என்று எண்ணிக் கொடுத்தார் தொல்காப்பியர். டேய் அவர் கையில் சிக்கவில்லை. இலக்கணப்படி இதன் அளவு இரண்டரை மாத்திரை: நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அதற்கும் குறைத்துச் சொன்னால் பின்னால் பைக் வருகிறது, ஒதுங்கு என்று பொருள். நாலைத் தாண்டினால் பாசம்; கல்யாணப் பந்தியில் பழைய காலேஜ் கூட்டாளி அகப்பட்டிருக்கிறான். ஏழெட்டுக்கு இழுத்து, சுருதி இறங்கி, மூக்கில் முடிந்தால் "அளந்தது போதும், நிறுத்து".

வெறும் நீளக் கணக்கை நம்பினாலும் மோசம் போவோம். அம்மா தேனொழுக "டேய் கண்ணா" என்றால் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போகவேண்டும். டேய்க்குப் பின்னால் ரேஷன் கார்டில் உள்ளபடி முழுப்பெயர் வந்தால் வீட்டைவிட்டே போய்விடுவது உத்தமம். நண்பனின் மாமனார் பக்கத்தில் இருக்கும்போது அளவு பிசகாமல் சொன்ன டேய்கூட மாப்பிள்ளை முறுக்கைத் தளர்த்திவிடும்.

ஆனால் டேயைவிடக் கடுமையான வசவு ஒன்று உண்டு: டேய் இல்லாமை. கைமாற்றாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட மறுநாள் பாருங்கள்.

"டேய், என்னடா ஆளையே காணோம்?"

"ஒண்ணுமில்லைங்க. சொல்லுங்க சார்."

பொதுவிதி: டேய் போட்டுத் திட்டியவனோடு சாயங்காலமே டீ குடிக்கலாம். 'சார்' போட்டவனிடம் போக மூன்றாவது ஆள் வேண்டும், பணம் திரும்பிவராது.

எஞ்சியிருப்பது வாட்ஸ்அப் சிக்கல். அங்கே குரல் இல்லாததால் 'டேய்ய்ய்ய்' என்று ஒற்றை அடுக்குகிறார்கள். இதை ஒற்றளபெடையில் சேர்க்கலாமா? நன்னூல் பட்டியலில் யகர ஒற்று இருக்கிறது. ஆனால் குறிலுக்கோ குறிலிணைக்கோ பின்னால் வந்தால்தான் அது அளபெடுக்கும். டே நெடில். மனு தள்ளுபடி.