சீசன் சொந்தம்

தென்காசிப் பக்கத்து வடகரைக் குடும்பஸ்தனுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. பொங்கலுக்கும் போன் போடாத சென்னை மச்சினன், "அத்தான், ஐந்தருவியில தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வந்து இறங்குவார், குடும்பத்தோடு.

காலையில் பேரருவி, மத்தியானம் பழைய குற்றாலம், ராத்திரி பிரானூர் பார்டர் பரோட்டா. வீட்டுக்காரருக்குத் திண்ணையில் படுக்கை. கொடி முழுக்க ஈரத் துண்டு. சாரலில் எது காயும்?

வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டாலும் விருந்தாளி கிளம்பமாட்டார். தடை நீங்கட்டும் என்று காத்திருப்பார். மேக்கரை அடவிநயினார் அணை நிரம்பினால் விவசாயிக்குச் சந்தோஷம். "அணை வழியுதாமே, பாத்துட்டே போவோம்" என்று மச்சினன் டிக்கெட்டை ரத்து செய்ய, இங்கே அரிசிப்பானை வறண்டுபோகும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார். விருந்தாளிக்குத் தடை போடும் அதிகாரிதான் இன்னும் வரவில்லை.

அவர் வந்தாலும் பயனில்லை. சாரல் பொய்த்த வருஷம், "தம்பிக்கு நம்ம மேல கோவமோ?" என்று முதல் போன் போடுவது வீட்டம்மாதான்.