வடம் தொட்ட வீரர்

யாழ்ப்பாணத்தில் பட்டப்பகலில் ஒருவர் மேற்சட்டையில்லாமல் நாலு பேர் முன்னால் நடந்தால், "உவனுக்கென்ன விசரோ?" என்று கேட்பார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மட்டும் அது விதி. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. இந்த ஒரு விதிக்காகவே முருக பக்தரானவர்தான் நம்முடைய ஜிம் தம்பி.

கொக்குவில், மானிப்பாய், நெல்லியடி என்று எங்கே போனாலும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கை இரண்டும் விலாவில் முட்டாமல் அகட்டித்தான் நடப்பார். சேட்டு வாங்கினால் தன் அளவுக்கு ஒன்று குறைவாகவே வாங்குவார். கமக்கட்டில் தையல் விட்டால் அன்று முழுக்க முகத்தில் தனிக் களை. அவருடைய ஆண்டு சித்திரையில் பிறப்பதில்லை. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடி ஏறும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார். மாசி, பங்குனியில் உடம்பை ஏற்ற வேண்டும். ஆனியில் கொழுப்பைக் கரைக்க வேண்டும். பிறகு 25 நாளும் கோயில்தான். முருகனைப் பார்க்க வந்தவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்க வருவார்.

சாப்பாட்டில் மகா ஆசாரம். "அம்மா, உந்தப் புரொயிலர் கோழியை இனி வாங்காதேங்கோ. அதுக்கு ஹோர்மோன் ஊசி அடிக்கிறாங்கள்" என்று ஊர்க்கோழிக்கு ஆலாய்ப் பறப்பார். புரொயிலர் கோழிக்கு யாரும் ஹோர்மோன் ஊசி போடுவதில்லை. தெரிந்தெடுத்து இனம்பெருக்கிய கோழி அது, தீவனத்தில் வளர்கிறது. அந்த வளவில் ஹோர்மோன் ஊசி ஏற்றிக்கொள்ளும் ஒரே சீவன் தம்பிதான். தலையிடிக்கு அம்மா பனடோல் எடுத்தால், ஈரல் பழுதாகும் என்று தட்டிவிடுவார். அவர் விழுங்கும் ஸ்டெரொய்ட் குளிசைதான் ஈரலைப் பதம் பார்க்கும் சாமான் என்பதை மாஸ்டர் அவருக்குச் சொல்லவில்லை.

மாஸ்டர் என்றால் ஜிம் மாஸ்டர். உயர்தரத்தில் உயிரியல் பக்கமே போகாதவர்; ஆனால் டெஸ்டோஸ்டிரோன் பற்றி மூன்று மணித்தியாலம் வகுப்பெடுப்பார். கனடா மாமா அனுப்பும் காசில் வரும் புரத மா ரின் மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். மாஸ்டர் தரும் 'சாமான்' அலுமாரிக்குள், காலுறைக்குள் இருக்கும். அம்மா ரின்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளை சத்துமா குடிக்குது" என்று அயலில் சொல்லி வைத்திருக்கிறா.

டெஸ்டோஸ்டிரோனை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டியது 1935 இல். 1958 இல் டயனபோல் என்ற ஸ்டெரொய்ட் குளிசை அமெரிக்கச் சந்தைக்கு வந்து பளுதூக்குபவர்கள் கையில் சேர்ந்தது. அதே 1958 இல்தான் யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து அந்த விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். தம்பியிடம் இதைச் சொன்னால், "அவர் எத்தினை கிலோ பெஞ்ச் அடிச்சவர்?" என்று கேட்பார்.

1988 இல் சியோலில் பென் ஜோன்சன் ஊக்கமருந்தில் பிடிபட்டபோது, அவர் ஓடியாவது இருந்தார். 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடிவிட்டுத்தான் பதக்கத்தைப் பறிகொடுத்தார். இலங்கையிலும் 2013 இல் ஊக்கமருந்துக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் சிறுநீர்ப் போத்தலோடு தம்பியைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை. அவர் எந்தப் போட்டிக்கும் போகிறவரில்லையே! பந்தயமே இல்லாத இடத்தில் கள்ளம் செய்கிறவரை எந்தச் சட்டத்தால் பிடிப்பது?

வீட்டில் காஸ் சிலிண்டர் வந்து இறங்கும்.

"தம்பி, உதை ஒருக்கா உள்ளுக்குத் தூக்கி வைச்சுவிடு ராசா."

"இண்டைக்குக் கைக்கு ஓய்வு நாள் அம்மா."

அம்மம்மாதான் உருட்டிக்கொண்டு போவா. பின்வளவில் சீவல்காரர் காலையும் மாலையும் பனையேறி இறங்குகிறார். அவருடைய புயத்தை யாரும் அளந்ததில்லை. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையைப் போக வர 51 மணித்தியாலத்தில் நீந்தினாரே, அவர் புயத்தின் சுற்றளவு யாருக்காவது ஞாபகமிருக்கிறதா? இந்த மண்ணில் பலம் என்றால் எதையாவது தூக்கியிருக்க வேண்டும், இழுத்திருக்க வேண்டும், கடந்திருக்க வேண்டும். தம்பியின் பலம் பார்வைக்கு மட்டும். தேர்த்திருவிழாவன்று வடத்தை முன்வரிசையில் பிடிப்பார், படம் எடுத்து முடியும்வரை. பிறகு மூச்சு வாங்கும்.

அந்த மூச்சு வாங்குவதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடக்கணக்கில் ஊசி ஏறினால் இதயத் தசையும் தடிக்கும், நல்ல கொழுப்புக் குறையும். வெளியிலிருந்து ஹோர்மோன் வந்து இறங்க, உடம்புக்குள் சொந்தமாகச் சுரந்த இடம் 1990 இல் மூடின காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மாதிரி வேலையை நிறுத்திவிடும். விதை சிறுக்கும், விந்தணு குறையும். மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பில் வேறுவிதமான வளர்ச்சியைக் காட்டும். ஆம்பிளைத்தனத்துக்குப் போட்ட ஊசி! பெண் வீட்டார் சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று துருவுவார்கள். அலுமாரிக்குள் காலுறையைப் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு தம்பி இருந்தால் ஏசாதீர்கள், பகிடியும் பண்ணாதீர்கள். அதை நான் செய்துவிட்டேன். ஊசியை நிறுத்தினாலும் சொந்தச் சுரப்புத் திரும்ப மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் உடம்பும் சோரும், மனமும் சோரும். ஆகவே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், எதைப் போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லவிடுங்கள். மாஸ்டரைத் துணைக்குக் கூப்பிட வேண்டாம்.