குல்லா இலக்கணம்: தமிழ்நாட்டுக் குளிர் பற்றிய சிற்றாராய்ச்சி

தமிழ்நாட்டில் குளிர்காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? தொல்காப்பியர் வழியில் போனால் கூதிர், முன்பனி, பின்பனி என்று ஐப்பசி முதல் பங்குனி வரை ஆறு மாதம் கணக்காகிறது. பங்குனி வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பின்பனியை மனப்பாடம் செய்யும் மாணவனின் ஐயத்தை உரையாசிரியர் எவரும் தீர்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே வேறோர் அளவுகோல் வேண்டும். அது குரங்கு குல்லாவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வெப்பமானி இருக்கிறதே எனின், அதை வைத்திருக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையே ஊருக்கு ஒரு நியாயம் பேசுகிறது. குளிர் அலை என்று அறிவிக்க, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கவேண்டும். மலையில் 0 டிகிரிக்கு. கடலோரத்துக்கு மட்டும் சலுகை: வழக்கத்தைவிட 4.5 டிகிரி குறைந்து 15 டிகிரியைத் தொட்டாலே போதும். இந்தச் சலுகையைக்கூடச் சென்னை அனுபவிப்பது அரிது. அங்கே பதிவானதில் மிகக் குறைவு 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில். ஆனாலும் கார்த்திகை பிறந்தால் நடைபாதைக் கடைகளில் குல்லா தொங்கத்தான் செய்கிறது.

இனிக் களச்சான்று. இடம் மெரினா, காலம் மார்கழி விடியல், வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி. பெரியவர் ஒருவர் கைவீசி நடக்கிறார். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு. தலையில் மட்டும் மெரூன் நிறக் கம்பளிக் குல்லா, புருவம் முதல் மோவாய் வரை. கேட்டால், “காதுல காத்து பூந்துடும் தம்பி” என்கிறார். இதனால் பெறப்படுவது யாதெனின், தமிழர் உடலுக்குள் குளிர் நுழையும் வாசல் காது ஒன்றே. முழங்கால் உள்ளிட்ட ஏனைய உறுப்புகளுக்கு விலக்கு உண்டு.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் குல்லாவோடு ஸ்வெட்டர் சேரும். ஊட்டியில் ஆண்டு முழுக்க ஸ்வெட்டர் என்பதால் அளவுகோல் பயன்படாது. அங்கே புல்லைத்தான் பார்க்கவேண்டும். தையில் தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்க, ஜீப் கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டிச் சுற்றுலாப் பயணிகள் காதலியின் பெயரை எழுதுவார்கள். செய்தித்தாள்கள் ‘மினி காஷ்மீர்’ என்று தலைப்புப் போடும். கருகிய தேயிலைக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தத் தலைப்பு ரசிக்காது.

அற்றேல், ஊட்டியில் பனி பொழிகிறது எனலாமே எனின், அறியாது கடாயினாய். அது பொழிவதன்று, படிவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட, காற்றின் ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. அவ்வேளை நாலடி உயரப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி 3 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். பொய்யில்லை, உயரத்தில் இருப்பவர்கள் பேசுவது அப்படித்தான் இருக்கும். மேகம் வந்தால் காஷ்மீரில் பனி விழும். அதே மேகம் ஊட்டிக்கு வந்தால், தரையின் சூடு தப்பாமல் தடுத்து, உறைபனியை இல்லாமல் ஆக்கிவிடும். ‘மினி’ என்ற சொல்லுக்கு இவ்வளவு பொறுப்பைச் சுமத்தியிருக்க வேண்டாம்.

அசல் காஷ்மீரில் இந்தக் குழப்பமே இல்லை. டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் சில்லை கலான், பிறகு 20 நாள் சில்லை குர்த், 10 நாள் சில்லை பச்சா என்று குளிரைத் தவணை முறையில் பிரித்துவிட்டார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் பனியைக் கொண்டுவந்து கொட்டும். மக்களோ ஃபேரன் என்னும் தொளதொள அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டியை வயிற்றோரம் ஏந்திக்கொள்வார்கள். அவர்கள் வயிற்றுக் கட்சி, நாம் காதுக் கட்சி.

எஞ்சியிருப்பது ஒரே தடை. காதே வாசல் என்றால், பழனி மலை நாட்டுப் பேகன் மயிலுக்குக் குல்லா தராமல் போர்வை தந்தது ஏன்? மயிலுக்கு வெளிக்காது கிடையாது. தவிர, கொண்டை கலைந்துவிடும்.