தோட்டக்கள்ளன்

சென்னைக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில், கொஞ்சம் கூடுதல் வெயில், வெயிலுக்கு நடுவே மழை, அவ்வளவுதான். ஆனாலும் வடக்கே குளிர் தொடங்கிவிட்டது என்பதை மயிலாப்பூரில் நாங்கள் நடக்கும் பூங்காவில் ஒருவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செப்டம்பர் பாதியில் ஒரு நாள் காலை, சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும்போது, ஓர் ஆசாமி மட்டும் வாதாம் மரத்தடியில் கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயைப் பாதி திறந்து, ஆடாமல் அசையாமல் நிற்பார். முதல் வருஷம் பல் டாக்டரிடம் போய்வந்த பழக்கம் என்று நினைத்தேன். இல்லை, வலசை தொடங்கிவிட்டது.

அவருக்குப் பூங்காவில் 'பைனாகுலர் சார்' என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், நான் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. ஆறு வருஷமாகத் தினமும் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எங்கள் தலைக்கு மேல் எது கத்தினாலும் அதன் பெயர், பிறந்த ஊர், அங்கிருந்து கிளம்பிய மாதம் மூன்றையும் சொல்லிவிடுவார். அண்ணா நகரிலிருந்து மகள் வருகிறாள் என்றால் ஆட்டோ பிடித்து வந்துவிடட்டும் என்பார். சைபீரியாவிலிருந்து ஒரு பழுப்புக் கீச்சான் வருகிறது என்றால் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்பார்.

இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். கோவையில் குளக்கரையில் ஒருவர் இருப்பார், மதுரையில் கண்மாய்க்கரையில் ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் ஒரே உடுப்பு. மண் நிறத்தில் ஏழெட்டுப் பைகள் வைத்த சட்டை. ஒரு பையில் சின்ன நோட்டு, ஒன்றில் பென்சில், ஒன்றில் பாதி தின்ற மாரி பிஸ்கட். மற்ற பைகள் காலி. பறவைகளின் கண்ணில் படாமல் இருக்கவாம் இந்த நிறம். பக்கத்தில் நடப்பவர்கள் ஆரஞ்சு ஷூவும் கிளிப்பச்சை பனியனும் போட்டுக்கொண்டு போனில் பேசியபடி போகிறார்கள். பறவைகள் அவர்களைச் சட்டை செய்வதே இல்லை. மண் நிறத்தில் ஒருவர் பதுங்கிப் பதுங்கி வருவதைப் பார்த்துத்தான் பறக்கின்றன.

கழுத்தில் தொங்குவது 'எட்டுக்கு நாற்பத்திரண்டு'. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று கேட்காமலே விளக்குவார். விலையை மட்டும் கேட்டால் சொல்லமாட்டார். வீட்டம்மாவுக்குச் சொன்ன விலை வேறு.

இவரிடம் யாரும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "பறவை பாக்கணும்னா வேடந்தாங்கல் போலாமே சார்?" நான் கேட்டுவிட்டேன். அவர் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வேடந்தாங்கல்ல போய்ப் பாக்கறது கல்யாண மண்டபத்துல போய் மனுஷாளைப் பாக்கற மாதிரி சார். அங்க எல்லாரும் இருப்பாங்க. அதுல என்ன இருக்கு? நடுராத்திரி ஊர் பேர் தெரியாத ஸ்டேஷன்ல ஒருத்தர் இறங்கறார் பாருங்க, அவரைப் பாக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சிறு பறவைகளில் பல, ராத்திரியில்தான் பறக்கின்றன. நட்சத்திரத்தையும் பூமியின் காந்தத்தையும் வைத்து வழி தேடிக்கொண்டு வருபவை, பொழுது விடியும்போது கீழே எங்கே நாலு மரம் தெரிகிறதோ அங்கே இறங்கிவிடுகின்றன. ராத்திரி மழை பிடித்தால் இன்னும் அதிகமாக இறங்கும். ஆகவே அக்டோபரில் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் மழை என்று சொன்னால், மயிலாப்பூரே வாசலில் தண்ணீர் நிற்குமே என்று கவலைப்படும். இவர் மட்டும் கபாலீஸ்வரர் இருக்கும் திக்கைப் பார்த்து, "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஒரு தூறல் போட்டாப் போதும்" என்று நேரம் குறித்து வேண்டிக்கொள்வார்.

ஆனால் வெளியூர்க்காரர்களிடம் இருக்கும் இந்த மரியாதை உள்ளூர்க்காரர்களிடம் கிடையாது. குக்குறுவான் நாள் முழுக்கக் கூப்பிடும், ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். தவிட்டுக்குருவிகள் ஏழு பேர் காலடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், "சும்மா இருங்கடி" என்பார். ஒரு நாள் நான் ஒரு மீன்கொத்தியைக் கண்டுபிடித்து, பெருமையோடு அழைத்துக் காட்டினேன். நெஞ்சு வெள்ளை, முதுகு நீலம், கொட்டும் வெயிலில் அப்படி ஒரு நீலம். "வெண்மார்பு. லோக்கல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. நானும் லோக்கல்தான்.

இத்தனைக்கும் அவருடைய குலதெய்வம் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், இதே மயிலாப்பூரில் இருந்தவர், 1950 முதல் 1996இல் கண்மூடும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் பத்தி எழுதியவர். அவர் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதியதையெல்லாம் நம் சார் மனப்பாடமாகச் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே காக்கை உட்கார்ந்தால், "போ அந்தண்ட" என்று கையை வீசுவார்.

காக்கைமேல் அவருக்குத் தனிக் கோபம் உண்டு, காரணம் கணக்கு. பார்த்ததையெல்லாம் தினமும் 'இபேர்ட்' என்ற தளத்தில் பதிய வேண்டும். 2002இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல்காரர்கள் தொடங்கியது. உலகம் முழுக்க இப்படி லட்சக்கணக்கான பேர் எழுதும் பட்டியல்களை வைத்துத்தான் எந்தப் பறவை எப்போது எங்கே போகிறது என்று கணிக்கிறார்கள். பார்த்த இனம் ஒன்றையும் விடக் கூடாது, எத்தனை என்றும் போட வேண்டும். எண்ண முடியாவிட்டால் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' என்று போட்டுவிடலாம் என்று சலுகையும் உண்டு. ஆனால் சார் முப்பத்தைந்து வருஷம் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "எக்ஸ் போடறதா? இதுக்கா சார் ஆடிட்டுக்குப் போனேன்?" என்பார். ஆகவே அபூர்வப் பறவை தேடி வந்த மனிதர் அரை மணி நேரம் காக்கை எண்ணிக்கொண்டிருப்பார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... நாற்பத்து மூன்றாவது காக்கை குப்பைத்தொட்டியிலிருந்து எழுந்து இரண்டாவது காக்கையின் கிளையில் போய் உட்காரும். முதலிலிருந்து தொடங்குவார்.

இதில் அணிலின் உபத்திரவம் வேறு. "உஷ்!" என்று கையை உயர்த்துவார். பின்னால் நடந்து வந்த நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி நிற்போம். எங்கிருந்தோ 'சிப் சிப் சிப்' என்று இடைவிடாத ஒரு குரல். "புதுசா இருக்கு. கேட்டதே இல்லை" என்று கிசுகிசுப்பார். ஐந்து நிமிஷம் மூச்சடக்கி நின்ற பிறகு, கிளைக்குப் பின்னாலிருந்து வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு அணிலார் வெளியே வருவார். "அணில்கூட ஒரு அழகுதான்" என்பார் சார், கண்ணெதிரே ரயிலைத் தவறவிட்டவர் பிளாட்பாரத்தைப் புகழ்வதுபோல.

கதிர்க்குருவி விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். பூங்காச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, வீட்டில் முருங்கை மரம், மரம் முதல் மாடி பால்கனியை ஒட்டியது. அந்த மரத்துக்குள் ஏதோ 'சக்... சக்...' என்றது. பைனாகுலர் அந்தப் பக்கம் திரும்பியது. பால்கனியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆகியும் பைனாகுலர் இறங்காததைப் பார்த்து, பிரஷ்ஷோடு கீழே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன சார் பாக்கறீங்க எங்க வீட்டை?"

"வீட்டை இல்லை சார். பிளைத் நாணல் கதிர்க்குருவி."

"எங்க வீட்ல ஏது சார் நாணல்?"

"நாணல்ல இருக்காது சார், பேர்தான் அப்படி. இங்க வந்தா புதர்லயும் முருங்கையிலயும்தான் இருக்கும்."

"நாணல்னு பேரு, இருக்கறது முருங்கையில. நம்பச் சொல்றீங்க?"

எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் அது உண்மை. சார் அந்தச் சுவரோரம் நின்றபடியே, 1841இல் கல்கத்தாவுக்கு வந்து ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத்திலிருந்து ஆரம்பித்தார். இந்தக் குருவி ரஷ்யா, பின்லாந்துப் பக்கத்திலிருந்து வருகிறது என்றார். எடை, நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும், அவ்வளவுதான் என்றார். கேட்டவருக்கு வாயில் நுரை காய்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவரே பால்கனியில் நின்று, "சார், உங்க ஆள் வந்தாச்சு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். குரல் கேட்டதும் குருவி போய்விடும்.

இந்தக் காத்திருப்பெல்லாம் ஒரே ஒரு பறவைக்காகத்தான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபரில் நம் பக்கம் வந்து, பல தெற்கே இலங்கை வரைக்கும் போய்விடும் ஒரு குருவி. மைனாவைவிடச் சின்னது. முதுகு பச்சை, தோளில் நீலம், மார்பு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்று கேட்கும்படி ஒரு மொட்டை வால். இந்தியில் 'நவ்ரங்'. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் சீட்டியடிப்பதால் தமிழில் ஆறுமணிக்குருவி. அது ஆறு பன்னிரண்டுக்குக் கூப்பிட்டால் சார் தம் கைக்கடிகாரத்தைத் திருத்துவார்.

அதற்கு இன்னொரு தமிழ்ப் பெயரும் உண்டு, தோட்டக்கள்ளன். வினை அந்தப் பெயரால்தான் வந்தது.

போன அக்டோபரில், ராத்திரி மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. மாமரத்தடியில் சருகு நனைந்து கிடந்தது. சார் மண்டியிட்டார். எனக்கும் கையைக் காட்டினார், நானும் மண்டியிட்டேன். புதருக்கடியில் பச்சையாக ஒன்று தத்தியது. ஆறு வருஷத்துக் காத்திருப்பு நெஞ்சை அடைக்க, பதுங்கும் சாஸ்திரமெல்லாம் மறந்துபோய், மனிதர் கத்திவிட்டார்.

"தோட்டக்கள்ளன்! தோட்டக்கள்ளன்!"

"எங்க சார்? எங்க சார்?" என்று வாட்ச்மேன் லத்தியோடு ஓடி வந்தார். முந்திய வாரம்தான் குழாய்த் தலை ஒன்று காணாமல் போயிருந்தது. அவர் பின்னால் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்த இருவர் மட்டையோடு வந்தார்கள். சிரிப்பு சங்கத்தார் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, தூக்கிய கையை இறக்காமலே வந்தார்கள். புதரைச் சுற்றி இருபது பேர். "ஆள் எப்படி சார் இருந்தான்?" என்றார் வாட்ச்மேன். சார் கம்மிய குரலில், "பச்சை முதுகு, சிவப்பு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அன்று பட்டியலில் அதைப் போடவில்லை. நானும் பார்த்தேனே, சாட்சி சொல்கிறேனே என்றேன். "வாலடிச் சிவப்பு பாத்தீங்களா? நான் பாக்கலை. அரை செகண்ட் பச்சையை வெச்சுப் பாஸ் பண்ண முடியாது சார்" என்றார். முகம் அப்படிச் செத்திருந்தது. ஆனாலும் போடவில்லை. அதுவரை மனசுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு, அந்த இடத்தில் மட்டும் கேலி வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"அந்தக் கலர் குருவியா சார் தேடினீங்க? வாலே இல்லாம குதிக்குமே?"

சார் மெல்ல நிமிர்ந்தார்.

"நாலு நாளாக் கீது சார். காலையில நான் கூட்டுறப்ப பக்கத்துலயே குதிச்சினு வரும். இலையைத் தள்ளத் தள்ள அடியில பூச்சி பொறுக்கும். இருட்டு பிரியறதுக்குள்ள."

"ஆறு மணிக்கா?"

"அதுக்கு முந்தியே. ஆறு மணிக்கு நீங்கள்லாம் வந்துடுறீங்களே சார்."

தணிக்கை அதிகாரி அன்றுபோல் குனிந்து யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. அந்த மாமரத்தடிச் சருகை மட்டும் கூட்ட வேண்டாம் என்றார். சூப்பர்வைசர் திட்டுவார் என்றார் அந்த அம்மா. அப்படியானால் அது தெற்கே போகும் வரைக்கும் அந்த மூலை தம் பொறுப்பு, வெளிச்சம் வந்ததும் தாமே கூட்டிவிடுவதாகச் சார் வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஐந்தேகாலுக்கே போய் உட்கார்ந்தோம். நாலு நிமிஷம் பார்த்தோம். அது ஒவ்வொரு இலையாக, வங்கி கேஷியர் நோட்டுத் திருப்புவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வாலடிச் சிவப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. சார் நோட்டில் 'ஒன்று' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிறகு வாக்குப்படி சட்டைக் கையை மடித்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். குனிந்தால் பைனாகுலர் மாரில் இடித்தது. கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தார். என்னிடம் ஆறு வருஷத்தில் ஒரு நாள் கொடுத்ததில்லை. அவர் கூட்ட, அந்த அம்மா பெஞ்சில் சாய்ந்துகொண்டு மரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

"சார், மேல ஒண்ணு குந்தினு கீது. மஞ்சளா, பச்சையா..."

"கிளியா இருக்கும்மா. லோக்கல்" என்றார் சார், சருகைக் குவித்தபடியே.

"கிளி எனக்குத் தெரியாதா சார்? இது கிளி இல்ல."

துடைப்பம் கீழே விழுந்தது.