யூ இல்லாத கியூ

ஆங்கிலச் சொற்களைத் தேடுவோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் ஒரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்குரிய சொல்லைத் தேடுபவர்கள். விண்ணப்பம் எழுதுவோரும் மன்னிப்புக் கேட்போரும் இவர்களுள் அடங்குவர். இரண்டாம் வகையினர் கையில் சில எழுத்துகளை வைத்துக்கொண்டு, இவை எப்படியாவது ஒரு சொல்லாகிவிடாதா என்று ஏங்குபவர்கள். இவர்களுக்குச் சொல்லின் பொருள் வேண்டாம், சொல்லப்போனால் அது இடைஞ்சலும்கூட. இந்த ஏக்கத்தை அட்டையில் வரைந்து, எழுத்துக்கு எழுத்து மதிப்பெண்ணும் போட்டு, ஒரு விளையாட்டாக ஆக்கிய பெருமை அமெரிக்கரான ஆல்ஃபிரட் பட்ஸைச் சாரும்.

கட்டடக் கலைஞரான பட்ஸ், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கட்டடம் கட்டுவாரின்றி வேலையிழந்திருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதற்பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். வேலை தேடுவதற்காக நாளிதழைப் புரட்டும் வேலையற்றோர் எந்த ஊரிலும் உண்டு. எழுத்தெண்ணிப் படித்தவர் என்ற பாராட்டுக்கு நேர்ப்பொருளிலேயே உரியவர் இவர்தான். அந்தக் கணக்கின்படி, எங்கும் காணப்படும் ஈ என்ற எழுத்துக்குப் பன்னிரண்டு காய்களும் ஒரே மதிப்பெண்ணும் கிடைத்தன; அரிதாக வரும் கியூவுக்கு ஒரே காயும் 10 மதிப்பெண்ணும் கிடைத்தன. எஸ் எழுத்தைத் தாராளமாக விட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் பன்மையாக்கிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று அஞ்சி, அதை நான்கோடு நிறுத்தினார். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் இதற்கு ஸ்கிராபிள் எனப் பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றுமுதல், நல்ல நட்போடு பழகிய பல குடும்பங்கள் அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு சண்டையிடும் வாய்ப்பைப் பெற்றன.

இவ்வாட்டத்தின் முழுத் துயரத்தையும் ஒற்றைக் காயில் காண வேண்டுமாயின் கியூவைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துமுறையில் கியூவின் பின்னால் யூ வருவது கல்லானாலும் கணவன் என்ற அளவுக்கு உறுதியான பந்தம். காய்களை எடுக்கும் பையிலோ கியூ ஒன்று, யூ நான்கு. அந்த நான்கும் பெரும்பாலும் எதிராளியின் கைக்கே போய்ச் சேர்ந்து, மதிப்பற்ற சின்னஞ்சிறு சொற்களில் வீணாகும். அதைக் கண்ணெதிரே காணும் ஆட்டக்காரர், காய்களை நிறுத்திவைக்கும் மரத்தாங்கியின் இடக்கோடியிலிருந்து கியூவை எடுத்து வலக்கோடியில் வைப்பார். சற்றுப் பொறுத்து நடுவில் வைப்பார். இடம் மாறியதால் யோகம் மாறிவிட்டதா என்று பையைத் துழாவி, ஒரு வி-யை எடுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவார். ஆட்டம் முடியும்போதும் அது கையிலேயே இருந்தால் அவர் கணக்கில் 10 குறையும். காய்களை முதலில் தீர்த்த எதிராளியின் கணக்கில் அதே 10 கூடும். ஆக, 10 மதிப்பெண் செல்வமாக வந்த எழுத்து 20 மதிப்பெண் கடனாக மாறுகிறது.

யூ துணையின்றிக் கியூ தனித்து வாழும் சொற்கள் ஆங்கில அகராதியில் உண்டு என்பதும், அவற்றுள் மிகப் பல பிற மொழிகள் ஈந்தவை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை. ஏமன் நாட்டினர் மெல்லும் இலையின் பெயரும், இஸ்லாமிய நீதிபதியான காஜியின் பெயரும், நிகாபும், பக்கீரும் அரபு மொழி தந்த உதவி. ஈரானிய நிலத்தடிக் கால்வாயான கனாத்தும் இந்த வரிசையில் சேரும். எபிரேய மொழி தன் நெடுங்கணக்கின் ஓர் எழுத்தின் பெயரையே கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சீன மொழி, உயிராற்றலைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல் ஒன்றைக் கொடுத்தது. கியூ, ஐ என்று எழுதப்படும் இச்சொல் 2006இல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் கியூவின் தலையெழுத்தே மாறியது. இதன் உச்சரிப்பு ‘சீ’ என்பதாகும். அதை அட்டையில் கண்ட எதிராளியின் வாயிலிருந்தும் பெரும்பாலும் அதே ஒலிதான் வெளிப்படும்.

உயிரெழுத்து ஒன்றுகூட வாய்க்காதவர்களுக்கும் வேல்ஸ் நாட்டின் மொழி அடைக்கலம் தருகிறது. மலைப் பள்ளத்தாக்கு ஒன்றைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லும், பழைய நரம்பிசைக் கருவி ஒன்றைக் குறிக்கும் ஐந்தெழுத்துச் சொல்லும் டபிள்யூவையே உயிராகக் கொண்டு அகராதியில் வீற்றிருக்கின்றன. இவையும் நினைவுக்கு வராதபோது, குளிரில் நடுங்கும் ‘பிர்ர்’, ரகசியமாக அழைக்கும் ‘ப்ஸ்ஸ்ட்’, யோசிக்கும் ‘ஹ்ம்ம்’ ஆகியவையும் செல்லுபடியாகும் சொற்களே என்பதை அறிந்து ஆறுதலடையலாம். நெடுநேரம் திணறும் ஆட்டக்காரர் முனகிக்கொண்டிருப்பதையே அட்டையில் வைத்து மதிப்பெண் பெறலாம் என்பது இதனால் பெறப்படும் உண்மை.

அட்டையும் காயும் இல்லாமலேயே மனிதரைத் தேட வைக்கும் நோய் ஒன்றும் உண்டு. ஜி, ஆர், ஒய் என்ற மூன்று எழுத்துகளில் முடியும் சொற்களுள் பசித்தவரைக் குறிப்பது ஒன்று, சினந்தவரைக் குறிப்பது மற்றொன்று, மூன்றாவது எது என்ற புதிர் 1970களின் நடுவில் அமெரிக்காவில் பரவியது. அன்று வழக்கில் மூன்றாம் சொல் எதுவும் இருக்கவில்லை. பேரகராதிகளைத் துருவினால் மேற்கு ஆப்பிரிக்கக் கண்ணாடி மணி ஒன்றின் பெயர் அகப்படும். எனினும், இதைத் தேடி உட்கார்ந்தவர்கள் உணவு மறந்து முதல் நிலையையும், விடை காணாமல் இரண்டாம் நிலையையும் அடைந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இவ்வாறு அலைவதில்லை. அவர்கள் ஒரு சொல்லின் எழுத்துகளை அகர வரிசைப்படி அடுக்கி, அந்த அடுக்கின்கீழ் வரும் எல்லாச் சொற்களையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். ஆல்ஃபகிராம் எனப்படும் இவ்வடுக்கையே சொல் தேடும் கணினி நிரல்கள் பலவும் பயன்படுத்துகின்றன. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழும் கையில் வந்தால், தக்கவைத்துக்கொள்ளும் வினை, கண்ணின் விழித்திரைகள், பைன் மரப்பிசின் மணக்கும் கிரேக்க மது, இன்னும் மோசமானது என ஒன்றுக்கொன்று சம்பந்தமேயில்லாத சொற்கள் ஒரே அடுக்கிலிருந்து வெளிவரும். ஏழு காய்களையும் ஒருசேர இறக்குவோருக்கு 50 மதிப்பெண் கூடுதலாகக் கிடைப்பதால், அந்த மதுவை வாழ்நாளில் முகர்ந்தும் பார்க்காதவர் அதன் பெயரைப் பக்தியோடு உச்சரிப்பார்.

இல்லாத சொல்லை முகம் சுளிக்காமல் வைப்பதும் விதிமீறலன்று; மறுப்பதா வேண்டாமா என்பது எதிராளியின் பாடு. வட அமெரிக்கப் போட்டிகளில், சரியான சொல்லை மறுத்துவிட்டவர் தம் முறையை இழப்பார் என்பதால், துணிச்சல் உள்ளவனுக்கு அகராதி அஞ்சும் என்பதை இவ்வாட்டம் மெய்ப்பிக்கிறது.

இத்துறையில் பொருளறிவு தேவையில்லை என்பதற்கு இறுதிச் சான்று நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கில ஸ்கிராபிள் உலகப் பட்டத்தைப் பலமுறை வென்ற இவர், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே, அதன் சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தையும், பின்னர் 2024இல் ஸ்பானிய உலகப் பட்டத்தையும் வென்றார். அம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எதிரே அமர்ந்து தோற்றார்கள். ஆகவே, ஆங்கிலம் போதவில்லை என்று கூசி ஒதுங்கியிருக்கும் வாசகர்கள் தயங்காமல் இவ்வாட்டத்தில் இறங்கலாம். பொருள் தெரியாததை ஒரு குறையாகக் கொள்ளாத துறைகளுள், அரசியல் மேடைக்கு அடுத்தபடியாக எளிதில் நுழையத்தக்கது இதுவேயாகும்.