0.99: பாட்டா கடை வெர்ஷன்

சாஃப்ட்வேர் எழுதுவது கஷ்டம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அட, அதெல்லாம் சுலபம். எழுதி முடித்தாயிற்று என்று ஊருக்குச் சொல்வதில்தான் இருக்கிறது சங்கடம். லட்சம் வரி எழுதிய மேதைகள்கூட, அதன் நெற்றியில் '1.0' என்று பொட்டு வைக்கச் சொன்னால் கை நடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்பர் ஒன் நடுங்கி, லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. சொந்தமாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிவிட்டார். அதற்குத் தன் பெயரையே வைத்தால் ஊர் சிரிக்குமே என்று கூச்சம். ஆகவே 'ஃப்ரீயாக்ஸ்' என்று வைத்தார். (மருந்துக்கடையில் இருமல் டானிக் கேட்பது போல இல்லை?) சர்வரில் இடம் கொடுத்த அரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் சகிக்கவில்லை. அவர்பாட்டுக்கு ஃபோல்டருக்கு 'லினக்ஸ்' என்று போட்டுவிட்டார். பிறப்புச் சான்றிதழ் எழுதுகிற கிளார்க்கே குழந்தைக்குப் பெயர் வைத்த கதை!

முதல் ரிலீஸின் எண் 0.01. என்ன ஒரு அடக்கம்! அப்படியே அடக்கமாக நடந்து 1992 ஜனவரியில் 0.12 வரை வந்தார். அடுத்தது என்ன? 0.13 என்பீர்கள். இரண்டே மாதத்தில் வந்தது 0.95! ஜன்னல் ஜன்னலாகப் படம் காட்டும் 'எக்ஸ்' ஓட ஆரம்பித்துவிட்டதாம். இனி என்ன, முடிந்த மாதிரிதான் என்று ஒரே தாவல். வீட்டிலேயே குளித்துக்கொண்டு, "இதோ தெருமுனைக்கு வந்துட்டேன்" என்று போனில் சொல்வோமே, அதே ரகம்.

நெட்வொர்க் சமாசாரம் எவ்வளவு பெரிய பூதம் என்பது அப்புறம்தான் உறைத்தது. 0.96, 0.97, 0.98, பிறகு பாட்டா செருப்பு விலை மாதிரி 0.99. எண் தீர்ந்துவிட்டது, வேலை தீரவில்லை. சரி, 1.0 என்று போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டார். 0.99-க்கு வால் முளைத்தது. பேட்ச் 1, பேட்ச் 2 என்று பதினைந்து வரை. பதினைந்தோடும் நிற்கவில்லை, 15ஏ, 15பி, 15சி என்று மாநகரப் பஸ் ரூட் மாதிரி ஓடி, 15ஜே-யில் ஒருவழியாக பிரேக் பிடித்தது. 1994 மார்ச்சில் 1.0 பிறந்தபோது பல்கலைக்கழகத்தில் விழா, டிவி கேமரா எல்லாம் உண்டு. பன்னிரண்டிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு இரண்டு மாதம். மிச்சமிருந்த ஐந்துக்கு இரண்டு வருஷம்!

பயம் தெளிந்ததும் மனிதர் தைரியசாலியாகிவிட்டார் என்று நினைத்தால், 2001-ல் 2.4.11 என்று ஒன்றை வெளியிட்டார். வெளியிட்ட சூட்டில் அதில் ஒரு பக் தலைகாட்டியது. வாபஸ் வாங்கவில்லை. ஃபைல் பெயரிலேயே 'டோன்ட்யூஸ்' என்று ஒட்டவைத்துவிட்டார். வடையைத் தட்டில் வைத்துவிட்டு "சாப்பிடாதீங்க" என்று சொல்கிற நேர்மை எந்த ஓட்டலில் கிடைக்கும்?

பிற்காலத்தில் எண்களைப் பற்றிய பக்தியே அவருக்குப் போய்விட்டது. 2019-ல் 4.20-க்கு அடுத்தது 5.0 ஆனது. பிரம்மாண்ட மாற்றம் ஏதாவது? ஒன்றுமில்லை. கைவிரல், கால்விரல் இருபதையும் எண்ணி முடித்துவிட்டேன், அதற்குமேல் எண்ண விரல் இல்லை என்றார். உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஓடும் மென்பொருளுக்கு வெர்ஷன் வந்த கணக்கு இதுதான்!

லினஸாவது தானே பயந்தார். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டெபியன்காரர்களுக்கு 1.0 களவே போய்விட்டது. 1995-ல் ஒரு சிடி கம்பெனி, பாதி வெந்து கொண்டிருந்ததை எடுத்து, 'டெபியன் 1.0' என்று தப்பாக லேபிள் ஒட்டி விற்றுவிட்டது. அதனால் அசல் டெபியன் அடுத்த வருஷம் 1.1 என்றே வெளிவந்தது. மூத்த பிள்ளையே இல்லாமல் இரண்டாவது பிள்ளை பெற்ற குடும்பம்!

இன்னொரு லினக்ஸ் தொகுப்பான ஸ்லாக்வேர் விஷயம் நேரெதிர். 1999 மே மாதம் 4.0. பக்கத்து வீட்டு ரெட் ஹாட் ஆறாம் கிளாஸில். "உங்களுது ஏன் இன்னும் நாலிலேயே இருக்கு?" என்று கேட்டுக் கேட்டே ஸ்லாக்வேர்காரர் பேட்ரிக் வோல்கர்டிங்கை நச்சரித்துவிட்டார்கள். அக்டோபரில் அவர் 7.0 வெளியிட்டார். ஐந்தும் ஆறும் எங்கே? டபுள் புரமோஷன்!

ஆனால் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் டொனால்ட் கனூத். புத்தகங்களை அச்சுக்கோக்கும் 'டெக்' மென்பொருளை எழுதியவர். வெர்ஷன் 3-க்குப் பிறகு ஒவ்வொரு ரிலீஸுக்கும் 'பை'யின் ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். 2021-ல் வந்தது 3.141592653. பை என்றைக்காவது முடியுமா? முடிந்தது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு! அவர் காலத்துக்குப் பிறகு வெர்ஷன் எண் வெறும் 'பை' ஆகிவிட வேண்டுமாம். அன்றைக்கு மிச்சமிருக்கும் பக் எல்லாம் அந்தக் கணமே 'வசதி' ஆகிவிடும், யாரும் கை வைக்கக்கூடாது என்று உயில் மாதிரி எழுதியே வைத்துவிட்டார்.

டெக்கின் தப்புகளை அவர் அடுத்துப் பரிசோதிப்பது 2029-ல். உங்கள் கண்ணில் ஏதாவது தப்பு பட்டால் அதற்குள் தெரியப்படுத்துங்கள். பரிசு 327.68 டாலர். அதற்கு அவர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ் 'பேங்க் ஆஃப் சான் செரிஃப்' பெயரில் இருக்கும். சான் செரிஃப் என்கிற நாட்டை மட்டும் உலக மேப்பில் தேடாதீர்கள்.