தோற்றதற்கு ஒரு சான்றிதழ்

தம்பி, அரசு வழக்கறிஞராக உனக்கு நியமன ஆணை வந்துவிட்டதாமே. கோர்ட் வாசலில் ஃப்ளெக்ஸ் பார்த்தேன். உன் படத்தைவிடச் சிபாரிசு செய்தவர் படம் பெரிது; அதுதான் முறை. இந்த நியமனங்கள் தகுதி பார்த்து, வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 2016-இல் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீ படித்திருப்பாய். நியமித்தவர்கள் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சிவில் பக்கம் தள்ளிவிட்டார்களே என்று வருத்தப்படாதே. கிரிமினலில் பேப்பரில் பேர் வரும், இங்கே வராது. ஆனால் இங்கே நீ வாங்கும் ஒரு வாய்தாவில் ஒரு குடும்பத்தின் கல்யாணம் நிற்கும், படிப்பு நிற்கும். அந்த அதிகாரம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

முதலில் உன் கட்சிக்காரர் யார் என்று தெரிந்துகொள். அரசாங்கம் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய். ‘நான் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்து, நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் என் பென்ஷன் என்ன ஆவது’ என்று ஒரு அதிகாரிக்கு ராத்திரி வரும் பயம் இருக்கிறதே, அதுதான் உன் கட்சிக்காரர். கோப்பில் ‘பணத்தைக் கொடுத்துவிடலாம்’ என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள். ‘மேல்முறையீடு செய்யலாம்’ என்று எழுதினால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்புறம் எவன் முதல் வரியை எழுதுவான்? இரண்டாவது வரிக்குச் சட்டக் காரணம் தேடிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஒப்பீனியன். உன் லெட்டர்ஹெட்டில் தயாராக நான்கைந்து அடித்து வைத்துக்கொள். தேதியும் வழக்கு எண்ணும் மட்டும் பாக்கி இருந்தால் போதும்.

அரசின் மீது வழக்குப் போடுகிறவன் இரண்டு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது, 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. அவன் பக்கம் நியாயம் இருந்தால் கொடுத்துத் தீர்த்து, வழக்கே வராமல் பார்த்துக்கொள்வதற்கான அவகாசம் அது. நம் ஆபீஸ்களில் அந்த நோட்டீஸ் தபால் முத்திரை வாங்கி, ஒரு செக்‌ஷனுக்குப் போய், ‘இது எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று இன்னொரு செக்‌ஷனுக்கு நகர்ந்து, இரண்டு மாதத்தையும் மாடிப்படியிலேயே கழித்துவிடும். பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே போவதில்லை என்பதைச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. மூன்று மாதத்துக்குள் இதற்கென்று ஓர் அதிகாரியை நியமியுங்கள் என்றும் உத்தரவிட்டது. அது 2005. அந்த அதிகாரியை நீ எங்காவது பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

அடுத்து வருவது பாராவாரிக் குறிப்பு. கட்டைப் பிரித்துப் பார், தம்பி. ‘இன்ன அரசாணைப்படி என் நிலத்தை ரோட்டுக்கு எடுத்தார்கள்’ என்று மனுதாரர் நான்காம் பாராவில் சொல்லியிருப்பார். தாசில்தார் ஆபீஸிலிருந்து வரும் குறிப்பில், ‘பாரா 4: உண்மையல்ல, மறுக்கப்படுகிறது’ என்றிருக்கும். ஆணை போட்டது நாம். கெஜட்டில் அச்சடித்தது நாம். அந்த ரோட்டில்தான் தாசில்தார் ஜீப்பே வருகிறது. பக்கத்தைப் புரட்டினால், ‘மனுதாரர் ஏரிப் புறம்போக்கை ஆக்கிரமித்துள்ளார்’ என்று திடீரென ஒரு ஏரி முளைக்கும். அந்த ஊரில் ஏரியே கிடையாது. போன மாதம் வேறொரு வழக்குக்கு அடித்த குறிப்பில் பேரை மட்டும் மாற்றிய குமாஸ்தா, ஏரியை எடுக்க மறந்துவிட்டார். நீ அதைத் திருத்தாதே. அப்படியே கவுன்டராகத் தாக்கல் செய். அதுவும் வரும்வரை, ‘இன்ஸ்ட்ரக்‌ஷன் வரவில்லை, கனம் கோர்ட்டார் அவர்களே’ என்று எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டால் போதும்.

உன் ஃபீஸ் பில் பாஸாக வருஷக்கணக்காகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பொறுமை போனால் நீயும் கேஸ் போடலாம். 80-ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்ப மறந்துவிடாதே.

கணக்குக்கு வருவோம். நிலம் எடுத்த வழக்கில் கோர்ட் பத்து லட்சம் கூட்டிக் கொடுத்தது என்று வை. 1894 சட்டமானாலும் சரி, 2013-இல் வந்த புதுச் சட்டமானாலும் சரி, கூடுதல் தொகைக்கு முதல் வருஷம் 9 சதவீதம், அதற்குமேல் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. பத்து வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 14 லட்சத்து 40 ஆயிரம். எந்த பேங்கில் கிடைக்கும் இந்த வட்டி? பத்து லட்சத்தில் முடிய வேண்டியதற்கு 24 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்துவிட்டு, கஜானாவைக் காப்பாற்றத்தான் அப்பீல் போனோம் என்கிறார்கள். அந்தப் பதினாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு எந்த ஆடிட்டும் ஒரு மனிதனைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பதில்லை. அது யார் கையெழுத்திலும் போகவில்லையே, தானாக வளர்ந்தது.

அப்பீலும் கெடுவுக்குள் போகாது. சட்டம் நமக்குக் காட்டும் சலுகையைப் பார்: கடன் கொடுத்த குடிமகன் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அரசுக்கு முப்பது வருஷம். அவ்வளவு தாராளத்துக்குப் பழகியவர்களிடம் அப்பீலுக்கு 90 நாள் என்றால் கோபம் வராதா? தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு போவார்கள். ‘கோப்பு பல நிலைகளில் பரிசீலிக்கப்பட்டது’ என்பது அதன் மூலமந்திரம். தபால் துறை 427 நாள் கழித்து வந்ததற்கு 2012-இலேயே உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்துப் போய் நின்றது. இதெல்லாம் ‘சான்றிதழ் வழக்கு’ என்றது கோர்ட். மேல்கோர்ட்டே தள்ளுபடி செய்துவிட்டது, இனி என் மேல் தப்பில்லை என்று அதிகாரி கோப்பில் கட்டிக்கொள்ள ஒரு காகிதம் வாங்கத்தான் டெல்லிவரை போகிறார்களாம். 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, காரணமான அதிகாரிகளிடமே அதை வசூலிக்கச் சொன்னார்கள். ஜெயிப்பதற்காக அப்பீல் போகிறவனைப் பார்த்திருக்கிறேன். தோற்றதை மேலே ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக ஊரார் பணத்தில் போகிறவர்கள் இவர்கள்தான்.

பணம் நகரவே நகராதா என்றால், நகரும். அமீனா வந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஜப்தி வாரன்ட்டைக் காட்டும் நாளில் நீ ஒருமுறை நின்று பார். நாற்காலிகளை எண்ணி வாசலில் எடுத்துப் போட்டு, ஜீப் சாவியைக் கேட்பார். போட்டோகிராபர்கள் வந்துவிடுவார்கள். பத்து வருஷமாக நிதி ஒதுக்கீடு இல்லாத தலைப்பில் மத்தியானத்துக்குள் நிதி பிறக்கும். மாடிப்படி ஏறாத கோப்பு லிஃப்டில் இறங்கும். சட்டம் தெரியாமல் அல்ல, பணம் இல்லாமலும் அல்ல. இந்தப் பத்து வருஷமும் இவர்களுக்குத் தேவைப்பட்டது ஜீப்பைத் தொடும் ஒரு கை மட்டும்தான். அந்தக் கை வரும்வரை நிலம் கொடுத்த கிழவன் கோர்ட் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்தே அவர் செத்துப்போனால் என்ன செய்வாய் என்றுதானே கேட்கிறாய்? பயப்படாதே, அதற்கும் வழி இருக்கிறது. மகன், வாரிசுகளைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுவான். கூடவே வாரிசுச் சான்றிதழ் வைத்திருப்பான். தாசில்தார் கையெழுத்துப் போட்டு, கோபுர முத்திரை குத்திக் கொடுத்தது. அதே தாசில்தார் உனக்குக் குறிப்பு அனுப்புவார்: ‘மனுதாரர் இறந்துவிட்டார் என்பதும், இவர்கள்தான் அவரது வாரிசுகள் என்பதும் மறுக்கப்படுகிறது. அவற்றை நிரூபிக்கும் பொறுப்பு இவர்களையே சாரும்.’ நீ அதைக் கவுன்டராக அடித்து, கையெழுத்துக்கு அவரிடமே அனுப்பு. அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுவார்.